காதால் கேட்ட பெயர்

உங்கள் கதவில் மாட்டியிருக்கும் பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறது, தம்பி. விசாரணைப் பிரிவு என்று எழுதியவர் மூன்று இடத்தில் நம் மொழியின் வட்டமான ஓகாரத்துக்கு நடுவயிற்றில் போட வேண்டிய குறுக்குக் கோட்டைப் போடாமல் விட்டிருக்கிறார். நம் எழுத்தே இல்லாத ருஷ்ய விசைப்பலகையில் தட்டி, அப்படியே அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் பிழையில்தான் இத்தனை வருடம் என் பிழைப்பு நடந்தது.

வக்கீல் வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். பயந்துபோய் வாயைத் திறந்தவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலையில் உங்கள் கோப்பைப் படிக்கக் கொடுத்தீர்களே, அதில் இரண்டு தப்பு இருக்கிறது. வேலைக்குப் போன ஊரில் காணாமல் போன ஒஸ்கோன் என்ற பையனின் சாவுச் சேதியை அவன் அம்மா கல்பூபூவிடம் சொல்லாமல் நான் ஆறு நாள் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும், அவனைப் பற்றி எந்தச் சேதியும் வராமலே, சேதி வந்திருக்கிறது என்று பொய் விளம்பரம் போட்டு என் இணையப் பக்கத்துக்கு ஆள் சேர்த்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவதை விடுங்கள். இரண்டாவதைப் படித்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது. சரக்கில்லாமல் நான் என்றைக்கும் கடை விரித்தவள் இல்லை. அதைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் அய்சல்கின், வயது நாற்பத்தாறு. எட்டாவது மைக்ரோ குடியிருப்பில், தையல்கடைக்கு மேல் மாடியில், இரண்டு மேசை போட்ட அலுவலகம். ஒரு மேசை எனக்கு, இன்னொன்று என் நாத்தனார் பாத்மாவுக்கு. வியாபாரிகளின் இணையதளங்களுக்கு ஆள் கூட்டி வருவது எங்கள் தொழில். சந்தையில் நிற்பதுபோல் கையைப் பிடித்து இழுக்க முடியாது. ஒருவர் எதைத் தேடுகிறாரோ அந்தத் தேடலின் முதல் வரியில் நம் ஆளைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அதற்கு, தேடுகிறவரின் விரல் எங்கே தவறும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மெத்தை தைத்து விற்கிற தோக்தோசுன் என்று ஒருவர் முதலில் வந்தார். மெத்தை என்ற நம் சொல்லில் அந்தக் கோடு போட்ட ஓகாரம் இரண்டு தடவை வருகிறது. மனிதர் பள்ளிக்கூடப் பாடம்போல் சரியாக எழுதி வைத்திருந்தார். ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

“அண்ணே, சரியா எழுதினா வாத்தியார்தான் வருவாரு” என்றேன். “மெத்த வாங்கறவன் தப்பா எழுதிக்கிட்டுத்தான் வருவான். நீங்களும் தப்பா எழுதுங்க.”

“முப்பது வருசமா மெத்த தெக்கறேன். என் கடை வாசல்ல நானே தப்பா எழுதி வெக்கணுமாம்மா? ஊரு சிரிக்காது?”

“வாசல்ல வேணாம். பக்கத்துக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்துல எழுதிக்குவோம். மிஷினு படிச்சுக்கும்.”

அடுத்த மாதம் அவர் கூடுதலாக இரண்டு தையல்காரிகளை வேலைக்கு வைத்தார். அதன்பிறகு ஆட்டுக்கால் வெந்தால் முதல் தட்டு எனக்குத்தான் வரும்.

இந்த வேலையில் ஜனங்கள் என்னென்ன தேடுகிறார்கள் என்ற பட்டியல் தினமும் கண்ணில் படும். பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் மனிதர்கள் தேடுபொறியிடம் கேட்கிறார்கள். மெத்தையைத் தேடியவர்கள் மாதத்துக்கு முந்நூறு பேர். ‘மாஸ்கோவுல அண்ணன் போன் எடுக்கல’ என்று தட்டியவர்கள் மாதத்துக்கு ஒன்பதாயிரம் பேர். ‘கசானுக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர் தகவல் இல்ல என்ன செய்யறது’ என்று முழு வாக்கியமாகவே தட்டியவர்களும் உண்டு. அத்தனை பேர் கதவைத் தட்டுகிறார்கள், திறக்க ஆளில்லை. ‘எங்கே இருக்கிறாய்’ என்று ஒரு தளம் தொடங்கினேன். காணாமல் போன ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம். படம், ஊர், கடைசியாகப் பேசிய நாள், அடியில் அவர் பெயரைப் பன்னிரண்டு விதப் பிழையோடு பொடி எழுத்தில். வக்கீல்களும் விமானச் சீட்டு விற்பவர்களும் குறி சொல்பவர்களும் ஓரத்தில் விளம்பரம் போட்டார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

முதல் வருடத்தில் முப்பத்தோரு பேரைக் கண்டுபிடித்தோம். உங்கள் துறை அந்த வருடம் எத்தனை பேரைக் கண்டுபிடித்தது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் தொழிலில் ஒரு சங்கடம் இருந்தது. துர்தாலி என்று ஒருவன். அவன் பக்கத்துக்கு நாளைக்கு ஆறாயிரம் பேர் வந்து போனார்கள். ஒரு திங்கட்கிழமை ‘கிடைத்துவிட்டார்’ என்று போட்டோம். செவ்வாய்க்கிழமை இருநூறு பேர் வந்தார்கள், புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. கிடைத்தவனை யாரும் தேட மாட்டார்கள், நியாயம்தான். அடுத்த ஆள் கிடைத்தபோது அந்த அறிவிப்பை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அதற்கடுத்தவரை மூன்று நாள் தள்ளினேன். அதற்கும் அடுத்தவர் ஓர் எல்லைச் சிறையில் இருந்தார். அவர் வீட்டுக்கே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். சிறையில் இருப்பவர் மூன்று நாளில் எங்கே போய்விடப் போகிறார்.

பாத்மா அன்றைக்கு முணுமுணுத்தாள். “அண்ணி, அந்தாளு பொண்டாட்டி மூணு நாளா அன்னம் தண்ணியில்லாம கெடந்துச்சாம்.”

“மூணு நாள்ல யாரும் சாகல பாத்மா. நாலாம் நாள் அவ சாப்பிட்டது நல்லா ருசிச்சிருக்கும்.”

“ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமில்ல, மயிர்தான் மொளச்சிருக்கு” என்றாள். சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துத்தான் தேநீர் ஊற்றினாள். என் வீட்டுக்காரரின் தங்கை. திட்டுவாள், ஆனால் வேலையில் குறை வைக்க மாட்டாள்.

கல்பூபூ அம்மா ஜும்கால் மலைப்பக்கத்திலிருந்து வந்தது செப்டம்பரில். மகன் ஒஸ்கோனுக்கு இருபத்தேழு வயது. ருஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் ஒரு நகரத்தில் கட்டட வேலைக்குப் போனவன். ஆகஸ்டு நடுவில் போன் ஓய்ந்துவிட்டது. மாவட்டப் போலீஸில் புகார் எழுத உட்கார்ந்திருந்தவர், “இருவத்தேழு வயசுப் பய. எவளாச்சும் கெடச்சிருப்பா. பனி விழுந்தா தானா வந்து சேருவான், நீ போம்மா” என்றாராம். அவர் துரத்திவிட்டார், நான் நாற்காலி போட்டேன். இதையும் கோப்பில் ஒரு மூலையில் எழுதி வையுங்கள்.

படத்தைவிடக் குரலுக்கு ஆள் கூடும், குரலைவிட நேரலைக்கு. அம்மாவுக்குப் போனை எப்படிச் சாய்த்து வைப்பது, எங்கே பார்த்துப் பேசுவது என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஊருக்குப் போய் முதல் தடவை அவர் நேரலையில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எண்ணெய் காய வைத்து, மாவைப் பிட்டுப் போட்டுப் போர்சோக் சுட்டு, செத்துப் போனவர்களுக்கு அந்த மணத்தைக் காட்டுவது உங்கள் வீட்டிலும் உண்டல்லவா. அம்மா வாணலியைக் கிளறிக்கொண்டே மகனோடு பேசினார்.

“ஒஸ்கோனு, கேக்குதாய்யா? இந்த மணம் உங்கப்பனுக்கு. செத்து ஒம்போது வருசமாச்சு, மனுசன் இன்னும் சூடாத்தான் கேக்கறாரு. உனக்குச் சுட மாட்டேன். உம்பேரு சொல்லி ஒண்ணுகூட எண்ணெயில போட மாட்டேன். நீ வந்து, மாவ நீயே பெசஞ்சு, நீயே சுட்டுத் தின்னு. சோம்பேறிப் பயலே.”

சிரிக்க வைத்துக்கொண்டே அழ வைக்கிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர்தான். அந்த ஒரு சாயங்காலத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அடுத்த வெள்ளி எழுபதாயிரம். ஒவ்வொரு வெள்ளியும் ‘உனக்குச் சுட மாட்டேன்’ என்ற அந்த வாக்கியத்துக்காகவே காத்திருந்தார்கள். மாஸ்கோ விடுதிகளில் பையன்கள் அதைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்களாம். ஜும்காலின் ஒரே ஒரு போனிலிருந்து ஒஸ்கோனின் பக்கத்துக்கு நாளைக்கு நாற்பது தடவை வருகை பதிவாகும். யார் என்று எனக்குத் தெரியும். நாற்பது தடவை வந்தாலும் நாங்கள் ஒருவர் என்றுதான் எண்ணுவோம், அது தொழில் தர்மம்.

பிப்ரவரிக் குளிரில் பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். எங்கள் தளம் முழுக்க ஒரு வருடத்துக்கு அவர்கள் விளம்பரம் மட்டுமே இருக்கும், அந்தப் பணத்தில் நான் ஓஷ் நகரில் கிளை திறக்கலாம், ஆறு பேருக்கு வேலை கொடுக்கலாம். ஒரே நிபந்தனை. நூரூஸ் புத்தாண்டுப் பண்டிகை முடியும்வரை வருகிற கூட்டம் குறையக் கூடாது. அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசி ஒஸ்கோனுக்காக வருவது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் ஒஸ்கோனைப் பற்றிச் சேதி வந்தது. வந்தது, தம்பி. பொய்யில்லை. ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தளத்தின் கடிதப் பெட்டியில், ருஷ்ய மொழியில் சில வரிகள். எழுதியவள் அந்த வோல்கா நகரத்து ஆஸ்பத்திரிச் செவிலி, ராயிசா பெத்ரோவ்னா என்று பெயர். எப்படி எங்களைக் கண்டுபிடித்தாள் என்றுதான் முதலில் பார்த்தேன், தொழில் புத்தி. தேடுபொறியில் ‘உஸ்கென்’ என்று தட்டியிருக்கிறாள். அவன் பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. பள்ளிச் சான்றிதழில் இல்லை. நம் ஆட்கள் யாரும் அப்படித் தப்புச் செய்யக்கூட மாட்டார்கள். அந்தப் பெயரைக் காதால் கேட்ட ருஷ்யக்காரி எழுதினால் அப்படித்தான் எழுதுவாள் என்று நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, பன்னிரண்டாவதாகச் சேர்த்து வைத்த பிழை அது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. கொஞ்ச நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பாத்மா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் சொன்னேன். “ஒஸ்கோனப் பத்திச் சேதி வந்திருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து.”

ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, செத்தவருக்கு வேண்டிக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் முகத்தை வழித்துக்கொண்டாள். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மில் யாரும் கேட்க மாட்டார்கள். தூரதேசத்தில் ஒருவர் போய்விட்டால் அதை நேருக்கு நேர் போட்டு உடைப்பதில்லை. உறவுக்காரர்கள் கூடி, பெரியவர் ஒருவர் மலை, பருந்து, ஆறு என்று சுற்றி வளைத்துப் பேசி, கேட்பவர் தானாகவே புரிந்துகொள்ளும்படி செய்வதுதான் உகுசூ. அதுவரை ‘சேதி’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் பாட்டனாருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

“அம்மாவுக்கு எப்ப சொல்றது அண்ணி?” என்றாள் பாத்மா.

“முறையா சொல்லணும். தாய்மாமன் வரணும், பெரியவங்க வரணும். நூரூஸ் கழியட்டும்.”

“ஆமா. பண்டிகைக்கு முந்தி வேணாம். பாவம், சுமோலோக் கூழு கிண்டுற கையால மாரடிச்சுக்க வெக்கக் கூடாது.”

பார்த்தீர்களா, இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஊர் வழக்கம். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் யாரும் தாழியை உடைப்பதில்லை, அதுவும் வழக்கம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்தின் மேலே ஒரு வரி போட்டேன்: ‘ஒஸ்கோனைப் பற்றிச் சேதி வந்திருக்கிறது. காத்திருங்கள்.’ வருகை இரண்டு மடங்காயிற்று. மார்ச் எட்டு, பெண்கள் தினத்தன்று இன்னொரு வரி: ‘சேதி உறுதியானது. குடும்பத்தாருக்கு முறைப்படி சொல்லப்படும்.’ மூன்று மடங்கு. பொய் விளம்பரம் என்கிறீர்களே, இதில் எந்தச் சொல் பொய் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

மறுநாள் கல்பூபூ அம்மா போன் செய்தார். பின்னால் மாடு கத்திக்கொண்டிருந்தது.

“அய்சல்கினு, சேதி சேதிங்கறியே. என்ன சேதிடி அது? உகுசூவா?”

“அம்மா, அப்படி நேரா கேக்கலாமா?”

நான் சொன்னது இவ்வளவுதான். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.  “சரி, தாயி” என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளி, மார்ச் பதினைந்து, அம்மா நேரலைக்கு வந்தார். தலையில் வெள்ளைத் துணி. முதல் கை மாவைப் போட்டு, “இது உங்கப்பனுக்கு” என்றார். அதோடு வழக்கமான வாக்கியம் வர வேண்டும், வரவில்லை. வாணலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டாவது கை மாவை எடுத்து எண்ணெயில் போட்டார்.

“இது உனக்குய்யா. சூடா இருக்கு. பாத்து எடு.”

 கடைசிப் போர்சோக் சிவந்து மேலே வரும்வரை நின்றார். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். பாத்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நான் மரக்கட்டை இல்லை.

நூரூஸ் முடிந்தது. வெள்ளியன்று அந்த நிறுவனம் கையெழுத்துப் போட்டது. சனிக்கிழமை, மார்ச் இருபத்து மூன்று, நானும் பாத்மாவும் ஜும்காலுக்குப் போனோம். முறையில் ஒரு குறை வைக்கவில்லை. அம்மாவின் அண்ணன் சரிபாய் வந்திருந்தார், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர், பெண்கள் வீட்டு வாசலில். விவரமெல்லாம் சரிபாயிடம் நான் வழியிலேயே போனில் சொல்லிவிட்டேன். அவர்தான் பேசினார்.

“கல்பூபூ, கைய விட்டுக் கெளம்பின பருந்து மலையத் தாண்டிருச்சும்மா. இனி யாரு கூப்பிட்டாலும் திரும்பாது. மலை எத்தன பனியத் தாங்குது. நீயும் தாங்கணும்.”

அம்மா அழவில்லை. அழுது முடித்தவர்போல்தான் இருந்தார்.

“என்னைக்கு?” என்றார்.

“போன ஞாயித்துக்கெழம. சாயங்காலம்.”

அம்மா தன் விரல்களை மடக்கத் தொடங்கினார். ஞாயிறு, சனி, வெள்ளி. மூன்றாவது விரலில் நின்றுவிட்டார்.

“வெள்ளிக்கெழம எம்புள்ள உசிரோட இருந்தானா?”

மடக்கிய விரல்களை விரித்துப் பார்த்தார்.

“உசிரோட இருந்தவனுக்கு எண்ணெய் காய வெச்சேனா? செத்தவங்க பந்தியில கொண்டுபோய் உக்கார வெச்சேனா? அதான் எந்திரிச்சுப் போயிட்டான். நாந்தான் அனுப்பி வெச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உம்மேல தப்பில்ல தாயி. நீ சேதின்னு மட்டுந்தானே சொன்னே. நல்ல சேதியாக்கூட இருந்திருக்கும். நாந்தான் அவசரப்பட்டு வாயத் தொறந்து உகுசூவான்னு கேட்டேன். பெத்த வாயாலயே கேட்டேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதை மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களோடு வாதாடுவது நாகரிகமில்லை. வாசலில் நின்ற பாத்மாவைப் பார்த்தேன். அவளும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.  திங்கட்கிழமை உங்கள் கதவைத் தட்டிவிட்டாள்.

சேதி வந்தது பிப்ரவரி இருபத்தேழாம் தேதி என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் நம்பவில்லை. கடிதப் பெட்டியில் செவிலியின் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது, தேதி மார்ச் பதினேழு, அவன் செத்த அன்று. ஆகவே நாத்தனார் சண்டை, தேதியைக் குழப்புகிறாள் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதோடு, இறந்தவனின் சட்டைப்பையில் இருந்த ஏதோ ஒரு சீட்டை வைத்துத் தூதரகம் அடையாளம் கண்டது என்று வேறு. படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்குச் சட்டை ஏது, பை ஏது.

பாத்மா சொன்ன தேதிதான் சரி. உங்களிடம் இருப்பது ராயிசா பெத்ரோவ்னாவின் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தைப் படித்த கையோடு நான் அழித்துவிட்டேன். வரிக்கு வரி மனப்பாடம், எழுதிக்கொள்ளுங்கள்: ‘சாரத்திலிருந்து விழுந்த ஒருவனை யாரோ எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆறு மாதமாகப் பெயரில்லாமல் கிடந்தான். போன வாரம் கண் திறந்தான். தன் நெஞ்சில் கை வைத்து உஸ்கென் என்கிறான். பிறகு அபா, அபா என்கிறான். எனக்குப் புரியவில்லை. நீங்கள் தேடுவது இவனைத்தானா? ஆம் என்றால் வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். போனை நான் அவன் காதில் வைக்கிறேன்.’

இத்தனை நேரம் காதால் கேட்டாள், காதால் கேட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் வாயிலிருந்து கேட்டாள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பாத்மாவும் கேட்கவில்லை. சேதி என்றால் சாவு என்று எல்லாரும் தாங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். அதற்கு நானா பொறுப்பு.

நான் அவளுக்குப் பதில் எழுதினேன். அபா என்றால் எங்கள் மொழியில் அம்மா என்று எழுதினேன். குடும்பத்தாரிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம், அதுவரை வேறு யாரிடமும் பேச வேண்டாம், காத்திருங்கள் என்று எழுதினேன். நல்ல பெண். பதினெட்டு நாள் காத்திருந்தாள். நூரூஸ் முடிந்த மறுநாள் அம்மாவை அவனோடு பேச வைப்பதாகத்தான் இருந்தேன். நேரலையாகவே வைத்திருப்பேன், நாடே பார்த்திருக்கும். ஐந்தே நாள் பாக்கி. அவனுக்குத்தான் பொறுமையில்லாமல் போய்விட்டது. சீழ் மூளைக்கு ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாள். டாக்டர்கள் காப்பாற்ற முடியாதவனை ஒரு போன் காப்பாற்றியிருக்குமா என்ன. கடைசிவரை அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தானாம். அர்த்தம் தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போகவே அவளுக்குக் கஷ்டமாக இருந்ததாம். அர்த்தம் கேட்டாள், சொன்னேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே எழுதுங்கள். கல்பூபூ அம்மாவிடம் இதை நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்வதானால் அண்ணனைக் கூப்பிட்டு, பெரியவர்களை வைத்து, முறைப்படி சொல்லுங்கள்.

ஆறு நாள் என்பதை அடித்து இருபத்து நான்கு என்று போடுங்கள். பொய் விளம்பரம் என்பதை அடியுங்கள். தூதரகம் என்பதையும் அடியுங்கள். ஒரு நாட்டின் போலீஸ், இன்னொரு நாட்டின் போலீஸ், யாராலும் முடியாததை ஓர் எழுத்துப் பிழையை வைத்து நான் செய்தேன். அவனைக் கண்டுபிடித்தது நான், அதுவும் உயிரோடு. அவன் பெயரை எழுதும்போது ஓகாரத்தில் கோடு போட மறந்தாலும் பரவாயில்லை, தம்பி. அடியில் பொடி எழுத்தில் உஸ்கென் என்றும் ஒரு தடவை எழுதி வையுங்கள். தேடுகிறவர்களுக்கு அப்போதுதான் அவன் கிடைப்பான்.